உப்புக்குளத்து வாசம்

கொழும்பிலிருந்து வரும் உறவினர் எவராயினும், எம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து முதல் தேநீரைப் பருகி முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இந்த ஊரில் எப்படித்தான் இருக்கிறீர்களோ?" என்பதே அது. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் அதே கேள்வியைச் சற்று மரியாதையாக, "பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு?" என்று மாற்றிக் கேட்பர். நாம் விடை சொல்லத் தொடங்குமுன் பஸ் புறப்படும் நேரம் நெருங்கிவிடும். விருந்தினரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவர். சொல்லாமல் விட்ட அந்த விடையை இன்று ஆறுதலாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணுகின்றோம்.

உப்புக்குளம் மன்னார் நகரத்தின் ஒரு பகுதி. மன்னாரைப் பட்டணம் என்பதா, கிராமம் என்பதா என்பது எமக்கே இன்னும் தீராத ஐயம். நகரசபை உண்டு; கச்சேரி உண்டு; நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வங்கிகள், ஆயர் இல்லம் யாவும் உண்டு. ஆயினும் கடைவீதியிலே தொடங்கிக் கால்நடையாகச் சென்றால், வெற்றிலை மென்று முடிக்குமுன்னரே கடைகள் தீர்ந்து, பனையும் உடை மரமும் வெண்மணலும் கண்முன்னே விரிந்துவிடும். ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மாவட்டத்திலே, 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களே இருந்தனர். அத்தனை பேருக்கும் பட்டணம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த ஒன்றுதான். முருங்கனிலும் நானாட்டானிலும் நெல் விளைவிப்போர் உறுதி எழுதவும், முசலியார் கச்சேரி அலுவல் பார்க்கவும், தலைமன்னார்க் கடற்றொழிலாளர் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கவும் இங்கேதான் வருகின்றனர். ஆகையால் காலையில் எமது ஊர் பட்டணம். பின்னேரம் கடைசி பஸ்கள் போய்விட்டால் அது மீண்டும் கிராமம்.

அமெரிக்க நாட்டின் மேற்குப் புறத்திலும் இத்தகைய ஊர்கள் பல உள்ளன. சுற்றிவர நூறு மைலுக்கு மேய்ச்சல் நிலமும் மலையுமாக இருக்க, நடுவிலே ஒரு பட்டணம் நிற்கும். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் சாமான் சட்டுமுட்டுக்கும் எல்லாரும் அங்கே போக வேண்டும். அவர்களுக்கு மேய்ச்சல் நிலம் எப்படியோ, அப்படி எமக்குக் கடல். வேற்றுமை யாதெனில், அவர்களுடைய மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் வேறோர் அரசு இல்லை. எமது கடலிலோ முப்பது கிலோமீற்றர் கடந்தால் தனுஷ்கோடி.

உப்பும் தண்ணீரும்

ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. நகரத்தை அண்டி அரசாங்கத்துக்குரிய உப்பளம் ஒன்றும் உண்டு. கடல்நீரைப் பாத்திகளிலே தேக்கி, வெயிலும் காற்றும் அதனை வற்றச் செய்ய, அடியிலே படியும் வெள்ளையை வாரிக் குவிப்பதுதான் தொழில். வேண்டாத காலத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்து போகும். மழை மிகுதியால் உப்பு விளைச்சல் கெட்டு, 2025 ஆம் ஆண்டில் நான்கு புறமும் கடல் சூழ்ந்த இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. அந்நாட்களில் உப்புக்குளத்துக் கடைகளிலே உப்புப் பைக்கற்றைத் தேடி அலைந்த வேடிக்கையை நாம் மறப்பதற்கில்லை.

உப்புக்குக் குறைவில்லாத இந்தத் தீவிலே குடிதண்ணீர் கிடைத்த வகையை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. மன்னார்த் தீவு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமான ஒரு மணற்றிட்டு. ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்யும் மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையைப்போல் மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரிலும் இலேசானது ஆகையால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. அக்கணக்கை மறுபுறமாகப் பார்த்தால் பயம் பிடிக்கும். மேலே ஓரடி குறைந்தாற் கீழே நாற்பதடி உப்பு ஏறிவிடும். பட்டையாலும் வாளியாலும் இறைத்த காலத்தில் கிணறுகள் பிழைத்தன. மின்சார நீரிறைப்பிகள் வந்த பின்னர்ப் பல கிணறுகள் உவர்த்துவிட்டன. இன்று நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் பெருநிலத்தில் முருங்கன் பக்கமிருந்து வருகின்றது. குழாய் வராத நாளில் எமது வளவுக் கிணற்றைத் துருப்பிடித்த கப்பி கீச்சிட எட்டிப் பார்ப்போம். குளிக்கலாம், தேநீருக்கு ஆகாது.

தீவையும் பெருநிலத்தையும் பிணைப்பது ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியும் பாலமும். அது அறுந்தால் நாம் அறுந்தோம் என்பதை 1990 ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது. யுத்தத்திலே பாலம் தகர்க்கப்பட்டது. புகைவண்டியும் அவ்வாண்டே நின்றது. ஜப்பான் நாட்டு உதவியுடன் கட்டிய புதுப்பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. புகைவண்டி 2015 மார்ச்சு மாதத்தில் மீண்டும் தலைமன்னார்த் துறைவரை ஓடிற்று. இருபத்தைந்து வருஷம்! அதற்கிடையில் பிறந்து வளர்ந்து மணமுடித்தவர்கள், தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தாமும் முதன்முறையாக வண்டியைப் பார்த்தனர்.

இந்த இருப்புப்பாதைக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 1914 முதல் இது சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய 'போட் மெயிலின்' பாதை. புகைவண்டியில் ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் கப்பலில் ஏறினால், தனுஷ்கோடியில் மறு வண்டி காத்திருக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. எண்பதுகளில் அதுவும் நின்றது. ஒரு காலத்தில் இரு நாட்டுப் பயணிகளும் கடந்து சென்ற நெடுவழியாக இருந்த தீவு, பின்பு பாதை முடியும் மூலையாகிவிட்டது. எமது ஊரின் குணத்தை அறிய விரும்புவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். மூலையிலே கிடப்பவர்களுக்குள்ள அடக்கமும் எமக்குண்டு. நெடுவழியில் நின்றவர்களுக்குரிய மிடுக்கும் சிறிது மிஞ்சியிருக்கிறது.

காற்றுக் கணக்கு

மன்னாரில் நாட்காட்டியைக் காட்டிலும் காற்று முக்கியமானது. சித்திரை கழிந்து சோளகம் எழுந்தால் தென்கடல் கொந்தளிக்கும். அப்பொழுது வடகடலிலே தொழில் நடக்கும். வாடைக்காற்றுத் தொடங்கினால் வடகடல் முரண்டு பிடிக்க, தென்கரை தொழிலுக்கு இசையும். காற்றோடு வாடிகளும் வள்ளங்களும் இடம் மாறும். சோளகக் காலத்தில் வீட்டுக்குள்ளே மணல் வந்து படியும். எத்தனை முறை கூட்டினாலும் இராச் சோற்றிலே ஒரு மணல் பல்லிற் கடிபடாமல் இராது. இதைப்பற்றி எமது வீட்டார் முறையிடுவதை விட்டுப் பல்லாண்டுகளாயின.

மீனைப்பற்றிப் பிறவூரார் கொண்டுள்ள எண்ணம் தவறானது. மன்னாரிலே மீன் மலிவென்று அவர்கள் நம்புகின்றனர். விடியற்காலையில் துறையிலே கூறி விற்கும்போது, நல்ல பாரையும் கொடுவாவும் இறாலும் நண்டும் ஐஸ் பெட்டிக்குள் ஏறிவிடும். லொறி பேலியகொடைச் சந்தைக்குப் புறப்படும். எமக்கு எஞ்சுவது சிறுமீன். கொழும்பு உறவினர் தம் வீட்டுக்கு அருகில் வாங்கியுண்ணும் மன்னார் மீனை, நாம் மன்னாரிலே விலை கேட்டுவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஆனால் கருவாட்டிலும், பனங்கிழங்கிலும், ஒடியற் கூழிலும் எம்மை வெல்ல எவருமில்லை.

கழுதைகளைப்பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். மன்னார் என்றதும் வெளியூர்ச் சிறுவர்கள் சிரிப்பது கழுதையை நினைத்துத்தான். அராபிய வணிகர் கொண்டுவந்து விட்டவை என்பது வழிவழிக் கதை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்துக்கும் அதே கதையைத்தான் சொல்வர். அந்த ஆபிரிக்க மரத்தின் அடியைச் சுற்றியளந்தால் 19 மீற்றருக்கு மேல் வரும். லொறிகள் வருமுன்னர்ப் பொதி சுமந்த கழுதைகள், லொறிகள் வந்தபின் எசமானரின்றி வீதிக்கு வந்தன. இரவிலே நடுவீதியில் படுத்துறங்கி மோட்டார் வண்டிகளில் அடிபடுவதும், குப்பையில் பொலித்தீன் பைகளைத் தின்பதும் அவற்றின் தலைவிதியாயிற்று. இப்பொழுது அவற்றுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் நடக்கிறது. பார்க்கப்போனால் வேலை தேடிக் காத்து நிற்கும் பட்டதாரிகளைக் காட்டிலும் கழுதைகளுக்கு எமதூரில் கவனிப்பு அதிகம் என்று தேநீர்க்கடையிலே பகிடி பேசுவோரும் உளர்.

அந்தப் பகிடியில் உண்மை இல்லாமலில்லை. புனித சவேரியார் கல்லூரிகள், சித்தி விநாயகர் இந்துக் கல்லூரி, அல் அஸ்ஹர் என நல்ல பாடசாலைகள் நகரத்திலே உள்ளன. பிள்ளைகள் படிக்கிறார்கள், பல்கலைக்கழகங்களுக்கும் போகிறார்கள். யாழ்ப்பாணமோ, வவுனியாவோ, கிழக்கோ, கொழும்போ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகிறார்கள். போனவர்கள் பட்டத்தோடு திரும்பி வந்தால், இங்கே கச்சேரியில் ஒரு கதிரை, பாடசாலையில் ஒரு கரும்பலகை, வங்கியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, இவற்றுக்குமேல் இடமில்லை. பொறியியல் கற்ற பிள்ளைக்கு மன்னாரிலே என்ன வேலை? ஆகவே அவர்கள் நல்லநாள் பெருநாளுக்கு வரும் விருந்தினராகிவிடுகின்றனர். எமது தெருவிலே மாலைவேளைகளில் வாசலிலே கதிரை போட்டு அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நரைத்த தலையினரே. கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடிக்குள்ளே தொரொன்ரோவிலும் தோஹாவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்று தமக்குள் சொல்லிக்கொள்வர்.

நோய் வந்தாலும் பயணந்தான். சாதாரண நோய்களுக்கு இங்குள்ள ஆஸ்பத்திரி போதும். சற்றே சிக்கலானால் யாழ்ப்பாணத்துக்கோ, அநுராதபுரத்துக்கோ, கொழும்புக்கோ அனுப்புவர். சில ஆண்டுகளுக்கு முன் எமது நெருங்கிய உறவினர் ஒருவரை அப்படி ஓர் இரவிலே கொண்டு செல்ல நேர்ந்தது. பாலத்தைக் கடக்கும்போது காற்று அம்புலன்ஸ் வண்டியை ஆட்டிற்று. இருபுறமும் இருட்டுக் கடல். அடுத்த பெரிய ஆஸ்பத்திரி விளக்குத் தெரியும்வரை எத்தனை தெய்வங்களை அழைத்தோம் என்று கணக்கில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவ்விரவுக்குப் பின், எமது வீட்டிலே "கொழும்புப் பக்கம் போய்விடுவோமா?" என்ற பேச்சு ஒருமுறையல்ல, பலமுறை எழுந்தது.

போகாமல் இருந்ததற்குக் காரணமும் அவ்விரவுதான். வண்டி புறப்பட்ட அரை நாழிகைக்குள் தெரு முழுவதும் செய்தி தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க ஒரு வீட்டார், ஆட்டைக் கட்ட ஒரு வீட்டார், பணம் போதுமோ என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்த மீன்வியாபாரி காக்கா ஒருவர்! அவரிடம் நாம் முந்திய வாரம்தான் விலை தர்க்கம் செய்து முகம் கோணித் திரும்பியிருந்தோம். சிறு ஊரிலே எவருக்கும் இரகசியம் என்று ஒன்றில்லை. மகள் எந்த பஸ்ஸில் ஏறினாள், மகன் எவனோடு நின்றான் என்பதைப் பெற்றவர்களுக்கு முன்பே சந்திக் கடைக்காரர் அறிவார். இளம் பிராயத்தினருக்கு இது பெரும் உபத்திரவம். அதை நாம் மறுக்கவில்லை. வயது ஏற ஏற அதே கண்கள் காவலாகத் தோன்றுகின்றன.

பூட்டிய வீடுகள்

மூன்று சமயத்தாரும் அன்போடு வாழ்கிறார்கள் என்று எழுதுவது மன்னாரைப்பற்றிய கட்டுரைகளின் வழக்கம். பெருநாளுக்கு வட்டிலப்பமும், பொங்கலுக்குப் புக்கையும், நத்தாருக்குக் கேக்கும் வேலி கடந்து போவது மெய்தான். எனினும் அதனோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது.

1990 அக்டோபர் இறுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று மன்னார்த் தீவின் முஸ்லிம் வீடுகள் யாவும் சில நாட்களுக்குள் வெறுமையாயின. பலர் வள்ளங்களிலே கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் அள்ளியவர்கள், திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதா, மடியில் முடிவதா என்று தெரியாமல் நின்ற நாட்கள் அவை. அதே காலத்தில் தமிழர் பலர் கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு ஓடினர். பெருநிலத்திலிருந்து விடத்தல்தீவு மக்களில் ஒரு பகுதியினர் யுத்தத்தினால் இடம்பெயர்ந்து மன்னார் நகரத்துக்கு வந்தனர். போனவர் ஒருபுறம், வந்தவர் ஒருபுறம். ஊரின் பெயர் மட்டும் மாறவில்லை.

யுத்தம் 2009 இல் முடிந்ததும், புத்தளத்திலிருந்து குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. இருபது வருஷம் என்பது சிறிய காலமன்று. வீட்டின் கூரை போயிருந்தது. வளவிலே உடைமுள் வளர்ந்திருந்தது. சில இடங்களில் வேறு மனிதர் இருந்தனர். கோந்தைப்பிட்டி மீன்பிடித்துறையிலே, திரும்பி வந்த உப்புக்குளத்து முஸ்லிம் கடற்றொழிலாளருக்கும், அங்கே தொழில் செய்துவந்த விடத்தல்தீவுத் தமிழ்க் கடற்றொழிலாளருக்கும் இடையே பிணக்கு மூண்டது. 2012 யூலையில் அது நீதிமன்ற வாசல்வரை வந்து, கல்லெறியாகவும் கலவரமாகவும் முடிந்தது. பத்திரிகைகள் அதனை இரு சமூகத்தாரின் சண்டை என்றே எழுதின. அருகிலிருந்து பார்த்த எமக்கு அது வேறாகத் தோன்றிற்று. ஊரை இழந்தவர்கள் இரு பக்கத்திலும் நின்றனர். ஒரு சாரார் தாம் இழந்த துறையைக் கேட்டனர். மறு சாரார் தம் துறையை இழந்ததனால் அங்கே வந்தவர்கள். துறையோ ஒன்று. 2019 மார்ச்சிலே சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சர வீதி வளைவின் பொருட்டுச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே நேர்ந்த மனக்கசப்பும் எமக்கு நினைவிருக்கிறது. சிறு ஊரிலே பிணக்குக் கொண்டவர்கள் மறுநாட் காலையில் ஒரே பாண் கடையில் சந்தித்தாக வேண்டும். அது சிலவேளை மருந்து. சிலவேளை புண்ணைக் கீறுதல்.

திரும்பியவர்களிலும் பலர் முழுமையாகத் திரும்பவில்லை. ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் உப்புக்குளத்தில். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வாப்பா இங்கே தொழில் செய்கிறார். எமது தெருவிலே அழகாகத் திருத்திய வீடொன்று வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். பாடசாலை விடுமுறையில் குடும்பம் வந்து சேரும். அவ்வீட்டு உம்மம்மா வாசற்படியில் அமர்ந்து இது எங்கள் ஊர் என்று சொல்ல, புத்தளத்திலே பிறந்த பேரன், "நாங்கள் எப்போது ஊருக்குப் போகிறது?" என்று கேட்பான். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர்.

அந்த ஊர் மணலின் பொருட்டு, 2025 ஆகஸ்டு மாதத்திலே மன்னார் ஒரு புதுமையைக் கண்டது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரிலே திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது முன்னமே சுழல்கின்றன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் தீவுக்குள்ளே மேலும் காற்றாலைகள் வரவிருப்பதையும், இல்மனைற்று எடுக்க மணல் அகழும் முயற்சியையும் கேட்ட மக்கள் வீதிக்கு வந்தனர். இராப்பகலாக வாரக்கணக்கில் அமர்ந்திருந்தனர். குருமாரும் மௌலவிமாரும் இளைஞரும் ஒரே பந்தலில் இருந்தனர். அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. செப்டெம்பர் இறுதியிலே காற்றாலைப் பாகங்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே கைகலப்பு நிகழ்ந்தது. மணலை அகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே நாம் சொன்ன நாற்பது அடிக் கணக்கை வாசகர்கள் திரும்பவும் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரைத் தாங்குவது அந்த மணலே. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியின்றித் தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கி நிற்பதையும், வங்காலைப் பக்கத்துக்கு ஆண்டுதோறும் வரும் பூநாரைகளையும் வாத்துகளையும்பற்றியும் அப்பந்தலிலே பேசினர். 2012 இல் துறையிலே எதிரெதிராக நின்ற முகங்கள் சிலவற்றை நாம் அங்கே ஒரே பாயிற் கண்டோம். ஒருவருக்கொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்ப் போத்தல் மட்டும் கைமாறிற்று.

போன கிழமையும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கம்போல் நாமும் விடை சொல்லத் தொடங்கினோம், பஸ்ஸுக்கும் நேரமாயிற்று. அவருக்காகக் கடதாசியில் இறுகச் சுற்றிவைத்த கட்டாக் கருவாட்டையும், ஒரு கட்டுப் புழுக்கொடியலையும் பையிலே வைத்துக் கொடுத்தோம். படலையைத் திறந்து வீதிக்கு இறங்கியவர், நடுவழியிலே படுத்திருந்த கழுதை எழும்பும்வரை காத்து நின்றார். நின்றவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் பக்கம் இப்ப ஒரு பரப்புக் காணி என்ன விலை போகுது?"